போர் முடிந்தபின் விளக்கேற்றியவர்: போர்ட்லன்ட் வெளிச்சவீட்டின் முதல் காப்பாளர்

கோடை விடுமுறை வந்தால் மொன்றியலில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் எம்மவர்கள் பலர் எல்லை கடந்து அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரைக்குப் போய்வருவது வழக்கம். மட்டன் றோல்ஸும் தேத்தண்ணிப் போத்தலும் கட்டிக்கொண்டு, விடியப்புறம் வாகனத்தில் ஏறி, பின்னேரத்துக்குள் அத்திலாந்திக் கடலில் கால் நனைத்துவிடுவோம். திரும்பும் வழியில் அநேகமாக எல்லோரும் நிற்கும் இடம் ஒன்று உண்டு. போர்ட்லன்ட் நகருக்குப் பக்கத்தில், கேப் எலிசபெத் என்ற ஊரில், கரும்பாறைகளின் மேல் நிற்கும் வெள்ளைக் கோபுரம். சிவப்புக் கூரை போட்ட வீடு ஒன்று அதனோடு ஒட்டி நிற்கும். அமெரிக்காவில் மிகக் கூடுதலாகப் படம் பிடிக்கப்பட்ட வெளிச்சவீடுகளில் இதுவும் ஒன்று. எம்மவர் வீடுகளின் வரவேற்பறைகளிலும் அந்தக் கோபுரத்தின் முன்னால் எடுத்த குடும்பப் படங்கள் தொங்குகின்றன.

சென்ற முறை போனபோது எங்கள் பிள்ளைகளில் ஒருவர் கேட்டார்: "இந்த வீட்டில ஆர் இருந்தது?" பருத்தித்துறையிலும் காரைநகர் கோவளத்திலும் வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கே பதில் தெரியவில்லை. கடலுக்குப் போனவர்கள் கரை சேர அது உதவும் என்று தெரியும். அதை ஏற்றிய மனிதர்களைப் பற்றி நாம் யோசித்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கிடைத்த கதையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இந்த வெளிச்சவீட்டின் முதல் காப்பாளரின் பெயர் கப்டன் ஜோசப் கிரீன்லீஃப். அமெரிக்கப் புரட்சிப் போரில் பணியாற்றியவர். 1791 ஜனவரியில் அவரை இந்த வேலைக்கு நியமித்தவர் அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன். சுற்றுலாக் கையேடுகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. கதை தொடங்குவது இதற்குப் பிறகுதான். ஏனென்றால் ஜனாதிபதி நியமித்த அந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் இல்லை.

எரிக்கப்பட்ட துறைமுகம்

இன்று போர்ட்லன்ட் என்று அழைக்கப்படும் ஊருக்கு அப்போது ஃபல்மத் என்று பெயர். மெயின் அன்று தனி மாநிலம் அல்ல. மசாசூசெட்ஸின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1820 இல்தான் அது பிரிந்து தனி மாநிலமானது.

1775 ஒக்டோபர் 18 ஆம் திகதி, ஹென்றி மொவட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரியின் தலைமையில் வந்த கப்பல்கள் அந்த ஊரின்மீது குண்டு மழை பொழிந்தன. ஊர் மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. வெளியேற ஓர் இரவு அவகாசமும் கிடைத்தது. விடிந்ததும் தொடங்கிய தாக்குதல் மாலைவரை நீடித்தது. பீரங்கிக்குத் தப்பிய வீடுகளுக்குக் கரையிறங்கிய ஆட்கள் தீ வைத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாகின. பனிக்காலம் வாசலில் நின்றது. மூட்டை முடிச்சோடு ஒரே இரவில் வீட்டை விட்டுக் கிளம்புவது எப்படி இருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அந்தப் போரில் வெளிச்சவீடுகளும் தப்பவில்லை. அமெரிக்காவின் மிகப் பழைய வெளிச்சவீடு பொஸ்டன் துறைமுகத்தில் இருந்தது; 1716 இல் ஏற்றப்பட்டது. பொஸ்டன் பிரித்தானியர் வசம் இருந்ததால், அவர்களின் கப்பல்களுக்கு வழிகாட்டிய அந்த விளக்கை அமெரிக்கர்களே அணைக்க வேண்டியிருந்தது. 1775 ஜூலையில் அமெரிக்க வீரர்கள் படகுகளில் போய் அதன் மரப் பகுதிகளை எரித்தார்கள். பிரித்தானியர் அதைத் திருத்தத் தொடங்கினார்கள். அதே மாத இறுதியில் மேஜர் பெஞ்சமின் டப்பர் என்பவர் சுமார் 300 பேரோடு போய் மறுபடியும் அடித்தார். மறு ஆண்டு ஜூனில் பின்வாங்கிப் போன பிரித்தானியர், போகும்போது கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். 1783 இல்தான் அது திரும்பக் கட்டப்பட்டது.

போர்க்காலத்தில் வெளிச்சவீடு ஓர் ஆயுதம். தன் ஆட்களுக்கு வழி காட்டும் அதே விளக்கு எதிரிக்கும் வழி காட்டும். ஆகவே விளக்கை அணைப்பது வீரச் செயலாகக் கருதப்பட்டது. போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. எரிந்துபோன துறைமுகங்களுக்குக் கப்பல் வந்தால்தான் ஊர் மறுபடி எழும். கப்பல் வரவேண்டுமானால் விளக்கு எரிய வேண்டும். அணைத்தவர்களின் நாடே இப்போது விளக்கேற்ற ஆள் தேடியது.

வென்ற நாட்டின் வெறுங்கை

ஆனால் அந்த நாட்டிடம் காசு இல்லை. கிரீன்லீஃபின் கதையைப் புரிந்துகொள்ள இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

புரட்சிப் படையில் சாதாரணச் சிப்பாய் ஒருவருக்கு மாதம் 6⅔ டொலர் என்று பேசப்பட்டது. ஆண்டுக்கு 80 டொலர். அது ஒழுங்காகக் கொடுபடவில்லை. கொடுபட்டதும் கொங்கிரஸ் அச்சடித்த காகிதப் பணம். போர் நீள நீள அந்தக் காகிதத்தின் மதிப்பு விழுந்து, கடைசியில் ஒன்றுக்கும் உதவாத நிலைக்கு வந்தது. 1783 இல் படை கலைக்கப்பட்டபோது பெரும்பாலான வீரர்கள் கையில் காசில்லாமல்தான் வீட்டுக்கு நடந்தார்கள். நிலுவைச் சம்பளத்துக்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைத்தவை கடன் பத்திரங்கள். "பிறகு தருவோம்" என்று அரசு எழுதிக் கொடுத்த கடுதாசிகள்.

வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், வரி கட்ட வேண்டும். பிறகு வரப்போகும் காசுக்காக யார் காத்திருப்பது? பலர் அந்தப் பத்திரங்களை வந்த விலைக்கு விற்றார்கள். நகரத்துத் தரகர்கள் முகப்பு மதிப்பில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து அவற்றை வாங்கிக் குவித்தார்கள். 1790 இல் நிதிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டன் அந்தப் பத்திரங்களுக்கு முழு மதிப்பையும் அரசு கொடுக்கும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். கொடுபட்டது, ஆனால் அப்போது பத்திரத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு. முதலில் அதைப் பெற்ற சிப்பாய்க்கும் ஒரு பங்கு போகவேண்டும் என்று ஜேம்ஸ் மடிசன் வாதாடினார். பிரதிநிதிகள் சபையில் அவர் தோற்றுப்போனார். சண்டை பிடித்தவனின் சம்பளம், அவனுடைய அவசரத்தை வாங்கியவனின் பெட்டிக்குள் போனது.

மசாசூசெட்ஸில் நிலைமை இன்னும் மோசம். வரியும் கடனும் கட்ட முடியாத விவசாயிகளின் நிலங்களை நீதிமன்றங்கள் பறித்தன. அவர்களில் பலர் முன்னாள் போராளிகள். 1786 இல் அவர்கள் திரண்டு நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். முன்னணியில் நின்ற டானியல் ஷேய்ஸ் புரட்சிப் படையில் கப்டனாக இருந்தவர். அந்தக் கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட படைக்குத் தலைமை தாங்கியவர் ஜெனரல் பெஞ்சமின் லிங்கன். 1781 இல் யோர்க்டவுனில் சரணடைந்த பிரித்தானியரின் வாளைக் கையில் வாங்கியவர் இவர்தான். ஒரே போரில் ஒரே பக்கம் நின்றவர்கள், ஐந்து ஆண்டுகள் கழித்து பனிக்குள் எதிரெதிராக நின்றார்கள்.

இந்த ஜெனரல் லிங்கனின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன் வேறு ஆள். பெஞ்சமின் லிங்கன் 1789 இல் பொஸ்டன் துறைமுகத்தின் சுங்க அதிகாரியானார். அந்தப் பதவியோடு மசாசூசெட்ஸ் வெளிச்சவீடுகளின் மேற்பார்வையும் அவரிடம் வந்தது. நம்முடைய கிரீன்லீஃபுக்கு மேலதிகாரி அவர்தான்.

வயலில் பொறுக்கிய கற்கள்

போர்ட்லன்டுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று வணிகர்கள் 1784 இலேயே கேட்டிருந்தார்கள். உடனே எதுவும் நடக்கவில்லை. 1787 இல் அந்தக் கரைக்கு அருகே ஒரு கப்பல் உடைந்து இரண்டு பேர் இறந்த பிறகுதான் மசாசூசெட்ஸ் அரசு 750 டொலர் ஒதுக்கி வேலையைத் தொடங்கியது. அந்தக் காசும் போதவில்லை. கோபுரம் அரைகுறையில் நின்றது.

1789 ஓகஸ்ட் 7 ஆம் திகதி புதிய கொங்கிரஸ் வெளிச்சவீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தக் கொங்கிரஸ் இயற்றிய ஒன்பதாவது சட்டம் அது. ஒரு நாடு பிறந்தவுடன் எவ்வளவோ வேலை இருந்திருக்கும். அவற்றுக்குள் விளக்குகளுக்கு இவ்வளவு முன்வரிசை கிடைத்தது. வெளிச்சவீடுகள் மாநிலங்களின் கையிலிருந்து மத்திய அரசின் நிதித் திணைக்களத்துக்குப் போயின. காப்பாளர்களை நியமிக்கும் கடிதங்கள் ஜனாதிபதியின் மேசைவரை போய் வந்தன.

1790 இல் கொங்கிரஸ் மேலும் 1500 டொலர் கொடுத்தது. ஜோனதன் பிரையன்ட், ஜோன் நிக்கல்ஸ் என்ற இரண்டு மேசன்மார் வேலையை முடிக்கப் பொறுப்பேற்றார்கள். அரசு ஏழை அரசு, ஆகவே வயலிலும் கரையிலும் கிடக்கும் கற்களையே பொறுக்கிக் கட்டுங்கள் என்று வொஷிங்டன் அவர்களுக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. மாடுகள் இழுத்துவந்த அப்படிப்பட்ட முரட்டுக் கற்களால்தான் கோபுரம் எழுந்தது. முதலில் திட்டமிட்ட உயரம் 58 அடி. கட்டிப் பார்த்தபோது தெற்குப் பக்கத்து நிலமுனை வெளிச்சத்தை மறைக்கும் என்று தெரிந்தது. 72 அடிக்கு உயர்த்தச் சொன்னார்கள். அதை ஏற்காத பிரையன்ட் விலகிக்கொள்ள, நிக்கல்ஸ் தனியே முடித்துக் கொடுத்தார்.

1791 ஜனவரி 10 ஆம் திகதி, திமிங்கில எண்ணெயில் எரியும் 16 விளக்குகளோடு போர்ட்லன்ட் வெளிச்சவீடு முதன்முறையாக ஒளிர்ந்தது. எரிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளும் மூன்று மாதங்களும் கழிந்து, அந்தத் துறைமுகத்தின் வாயிலில் அழிக்காத ஒரு நெருப்பு ஏற்றப்பட்டது. ஏற்றியவர் கிரீன்லீஃப்.

சம்பளம் இல்லாத உத்தியோகம்

அவருக்குப் பேசப்பட்டது என்ன? காப்பாளரின் வீட்டில் குடியிருக்கலாம். பக்கத்து நிலத்தில் பயிர் செய்யலாம். கடலில் மீன் பிடிக்கலாம். அவ்வளவுதான். கையில் காசு கிடையாது.

கேட்பதற்கு மோசமில்லைப்போல இருக்கும். இடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் விஷயம் விளங்கும். அது பாறை முனை. காற்று ஓயாது. மெயின் மாநிலத்தில் பனிக்காலம் நீளம். பயிர் செய்யும் மாதங்கள் கொஞ்சம். மீன் பிடிக்கப் போவதென்றால் படகில் கடலுக்குப் போகவேண்டும். ஆனால் இருட்டும்முன் திரும்பியே ஆகவேண்டும். பகலில் வயிற்றுக்கு உழைத்து, இரவில் அரசுக்கு உழைக்கும் வேலை அது.

இரவு வேலை என்னவென்றும் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். திரி எரிய எரியக் கருகும். கருகிய நுனியை வெட்டாவிட்டால் புகைக்கும். புகைத்தால் கண்ணாடியில் கரி பிடிக்கும். கரி பிடித்தால் வெளிச்சம் மங்கும். நாங்கள் பார்த்தது ஒரு விளக்கு. கிரீன்லீஃப் பார்த்தது பதினாறு. எண்ணெயைக் கோபுரத்தின் உச்சிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இரவில் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை ஏறித் திரிகளைச் சீர்செய்ய வேண்டும். காலையில் கண்ணாடிகளைத் துடைத்து, விளக்குகளைத் துப்புரவாக்கி, அடுத்த இரவுக்குத் தயாராக்க வேண்டும். திரி வெட்டும் இந்த வேலையை வைத்தே வெளிச்சவீட்டுக் காப்பாளர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பட்டப்பெயரும் வந்தது.

டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணி கடந்ததும் சூரியன் மறைகிறது. மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது. பதினைந்து மணித்தியால இரவு. குளிரில் திமிங்கில எண்ணெய் உறைந்து தடிக்கும். அதை அடுப்பில் சூடாக்கித்தான் ஊற்ற வேண்டும். விளக்கறைக்குள் எரியும் நெருப்பின் ஈரம் கண்ணாடியில் படிந்து உறையும். வெளியே அலைத் திவலையும் பனியும் கண்ணாடியில் கட்டி பிடிக்கும். உள்ளே விளக்கு எரிந்தாலும் கடலில் இருப்பவனுக்கு அது தெரியாது. தெரியாத விளக்கு, ஏற்றாத விளக்குத்தான்.

1791 நவம்பரில், வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகும்முன், கிரீன்லீஃப் கடிதம் எழுதினார். இந்த நிலைமையில் தன்னால் தொடர்ந்து காப்பாளராக இருக்க முடியாது, வாழ்க்கைச் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதுதான் சாரம். 1792 ஜூனில் மறுபடியும் எழுதினார். அந்தக் கடிதத்தில் தான் பட்ட கஷ்டங்களை வரிசைப்படுத்தினார். கடந்து போன பனிக்காலத்தில் விளக்கறைக் கண்ணாடியில் பனிக்கட்டி தடித்துப் பிடித்ததையும், வெளிச்சம் தெரியவேண்டும் என்பதற்காக அதை உருக்கி உருக்கி எடுக்க வேண்டியிருந்ததையும் அதில் சொன்னார்.

இரண்டு கடிதங்களுக்கும் இடையே அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். "இருக்க முடியாது" என்று எழுதியவர், அந்தப் பனிக்காலம் முழுவதும் இருந்தார். சம்பளம் இல்லாமல், நடு இரவில், கண்ணாடியில் பிடித்த பனிக்கட்டியை உருக்கினார். மேற்பார்வையாளர் இருந்தது பொஸ்டனில். ஓர் இரவு அவர் படுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? கடலில் இருந்தவனுக்கு மட்டுமே தெரியும். அவனும் பாறையில் மோதியிருந்தால் வந்து முறையிட்டிருக்க மாட்டான்.

1793 இல் பதில் வந்தது. ஆண்டுச் சம்பளம் 160 டொலர். நாளுக்குக் கணக்குப் பார்த்தால் 44 சதம். போர்க்காலத்துச் சாதாரணச் சிப்பாய் ஒருவருக்குப் பேசப்பட்ட கூலியின் சரியாக இரண்டு மடங்கு. அதே அரசு ஜனாதிபதிக்கு ஒதுக்கிய ஆண்டுச் சம்பளம் 25,000 டொலர். 160 டொலர் பெரிய தொகை அல்ல. ஆனால் அது கேட்காமல் வரவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

கடிதம் எழுதிய மற்றவர்கள்

கிரீன்லீஃப் தனி ஆள் அல்ல. அந்தக் கரை நெடுக இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன.

மசாசூசெட்ஸின் பிளிமத் ஊருக்கு அருகே கேர்னற் முனையில் 1768 இல் இரட்டை விளக்குகள் கொண்ட வெளிச்சவீடு கட்டப்பட்டது. நிலம் ஜோன் தோமஸ் என்பவருடையது. முதல் காப்பாளரும் அவரே. அவர் ஒரு வைத்தியர். போர் வந்தபோது படைத் தலைவரானார். 1776 இல் கியூபெக்கில் இருந்து பின்வாங்கிய அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியபோது அம்மை நோய் கண்டு, இன்றைய மொன்றியலுக்குக் கிழக்கே ரிஷெலியூ ஆற்றங்கரையில் இறந்தார். மொன்றியலில் வாழும் எம்மவர்கள் கோடையில் உலாவப் போகும் ஆறுதான் அது.

அவருடைய மனைவி ஹன்னா தோமஸ் விளக்கைப் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் முதலாவது பெண் வெளிச்சவீட்டுக் காப்பாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். போர் நடந்தபோது நைஜர் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்கும் கேர்னற் முனைக் கோட்டைக்கும் இடையே நடந்த சண்டையில் ஒரு பீரங்கிக் குண்டு அந்த வெளிச்சவீட்டையே துளைத்தது. கணவன் போருக்குப் போய்த் திரும்பாத வீட்டில், பிள்ளைகளையும் நிலத்தையும் விளக்கையும் சேர்த்துப் பார்த்த பெண் அவர். பின்னர் அவருடைய மகன் அந்தப் பொறுப்பை ஏற்றார்.

இன்னொருவர் எபனேசர் ஸ்கிஃப். மார்தாஸ் வின்யார்ட் தீவின் கே ஹெட் முனையில் 1799 இல் முதல் காப்பாளரானவர். அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 200 டொலர். அங்கே களிமண் செம்பாறைகள். காற்று அடித்தால் களியும் காவியும் பறந்து விளக்கறைக் கண்ணாடியில் ஒட்டும். மற்ற இடங்களில் உள்ளே துடைத்தால் போதும், இங்கே வெளியேயும் ஏறித் துடைக்க வேண்டியிருந்தது. குடிதண்ணீரையும் தூரத்தில் இருந்து கொண்டுவர வேண்டும். 1805 இல் அவர் இதையெல்லாம் விளக்கி நிதிச் செயலாளர் அல்பேட் கலட்டினுக்கு நேரே கடிதம் எழுதினார். ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனின் ஒப்புதலோடு அவருக்கு 50 டொலர் கூடியது.

இந்தக் கதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. புதிய அரசு கெட்ட அரசு என்று சொல்ல வரவில்லை. காசில்லாத அரசு, தூரத்தில் இருந்த அரசு. நியமனக் கடிதத்தில் ஜனாதிபதியின் பெயர் இருந்தது. ஆனால் கண்ணாடியில் பனிக்கட்டி பிடிக்கும் என்பதோ, காற்றில் களி பறக்கும் என்பதோ தலைநகரில் யாருக்கும் தெரியாது. அங்கே இருப்பவர் எழுதினால்தான் தெரியும். எழுதியவர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது.

படகில் முடிந்த வாழ்வு

சம்பளம் வந்த பிறகு கிரீன்லீஃபுக்குக் கிடைத்தது சுமார் இரண்டு ஆண்டுகள். 1795 ஒக்டோபர் 3 ஆம் திகதி, போர்ட்லன்டின் ஃபோர் ஆற்றில் தன்னுடைய படகில் இருந்தபோதே அவர் இறந்துபோனார். பக்கவாதம் என்று கருதுகிறார்கள். நான்கு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் அவர் விளக்கைக் காத்தார். சில காலம் டேவிட் டங்கன் என்பவர் பார்த்தார். அதன்பின் பார்சில்லை டெலானோ என்ற கொல்லர் வந்து 1820 வரை இருந்தார்.

கிரீன்லீஃப் போன்ற முதிய போராளிகளுக்கு அரசு கைகொடுத்தது மிகவும் பிந்தித்தான். காயப்பட்டு முடமானவர்களுக்குப் போர்க்காலத்திலேயே உதவி அறிவிக்கப்பட்டிருந்தது. உடம்பு முழுதாகத் திரும்பியவர்களில் வறுமையில் வாடியவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கும் சட்டம் 1818 இல் வந்தது. அதைப் பெறத் தான் ஏழை என்று நிரூபிக்க வேண்டும். ஆறு மாதமாவது பணியாற்றிய எல்லோருக்கும் என்று வந்த சட்டம் 1832 இல். போர் முடிந்து நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அதற்குள் பெரும்பாலானவர்கள் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

அவர் ஏற்றிய விளக்கு நிற்கவில்லை. பின்னாளில் ஸ்ட்ரவுட் குடும்பத்தார், தகப்பனும் மகனுமாக, 1869 முதல் 1928 வரை அதைக் காத்தார்கள். 1886 நத்தார் முந்தின இரவு, அனி சி. மகையர் என்ற கப்பல் வெளிச்சவீட்டின் காலடிப் பாறையிலேயே மோதியபோது, ஜோஷுவா ஸ்ட்ரவுட்டும் குடும்பமும் ஏணியைப் பாலமாக வைத்து உள்ளே இருந்த அத்தனை பேரையும் உயிரோடு கரை சேர்த்தார்கள். அந்தக் கப்பலின் பெயர் இன்றும் அந்தப் பாறையில் எழுதியிருப்பதைப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

1989 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, வெளிச்சவீட்டுச் சட்டத்தின் இருநூறாவது ஆண்டு நாளில், போர்ட்லன்ட் விளக்கு தானியங்கியாக மாற்றப்பட்டது. அன்றோடு காப்பாளர் என்ற உத்தியோகம் அங்கே முடிந்தது. இப்போது அமெரிக்கக் கரையோரக் காவற்படை விளக்கைப் பராமரிக்கிறது. 1891 இல் கட்டப்பட்ட காப்பாளர் வீடு நூதனசாலையாக இருக்கிறது. சுற்றியுள்ள வில்லியம்ஸ் கோட்டைப் பூங்காவுக்குள் நடந்துபோகக் கட்டணம் இல்லை.

இனி அந்தப் பக்கம் போகும்போது, படம் எடுத்து முடிந்ததும் பிள்ளைகளைக் கொஞ்சம் நிறுத்தி, கோபுரத்தின் உச்சியில் உள்ள கண்ணாடியைக் காட்டுங்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், சம்பளம் இல்லாமல் ஒருவர் பனிக்கட்டியை உருக்கிக்கொண்டு நின்றார் என்று சொல்லுங்கள். அவர் போர் பார்த்தவர் என்றும் சொல்லுங்கள்.

இது எமக்கு எப்படித் தெரிந்தது என்று பிள்ளைகள் கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. நியமனப் பத்திரத்தில் அந்தப் பனிக்கட்டி இல்லை. கட்டடக் கணக்குகளில் இல்லை. ஜனாதிபதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பெருமையிலும் இல்லை. 1792 ஜூனில், தனக்கு நடந்ததை ஒரு கடுதாசியில் அவரே எழுதினார். அந்தக் கடுதாசியை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டு அலுமாரிகளிலும் இப்படிப்பட்ட கடுதாசிகள் கிடக்கின்றன. அவற்றை எறிந்துவிடாதீர்கள்.